சிரிக்க வைத்தவரின் கடன் கணக்கு

நாவலப்பிட்டி என்றதும் "எம்.ஜி.ஆர். பிறந்த ஊர்" என்று நம்மவர்கள் பெருமையோடு சொல்வார்கள். இலங்கையில் வளர்ந்த இன்னொரு கலைஞரை அந்தளவுக்கு நாம் நினைப்பதில்லை. அவர்தான் ஜே.பி. சந்திரபாபு. 1927இல் தூத்துக்குடியில் பிறந்தவர். தந்தை விடுதலைப் போராட்டத்தில் இறங்கி ஆங்கில அரசின் பகையைத் தேடிக்கொண்டதால் குடும்பம் கொழும்புக்கு வந்தது. படிப்பும் இங்கேதான். 1943இல் சென்னை திரும்பினார்கள்.

1947இல் 'தன அமராவதி' முதல் படம். அதன் பின்பும் வாய்ப்புக்காக அலைந்து மனம் வெறுத்து, 1952இல் ஜெமினி ஸ்டூடியோவிலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். நல்லவேளை, காப்பாற்றினார்கள். பின்னர் காலம் மாறியது. தன் பாட்டைத் தானே பாடினார். மேல்நாட்டு யோடலிங் முறையைத் தமிழ்ப் பாட்டில் கலந்தார். 'சபாஷ் மீனா'வில் (1958) சிவாஜியோடு இரட்டை வேடத்தில் வந்து சிரிக்க வைத்தார்.

அதே காலத்தில் திருமணம். மனைவி தான் வேறொருவரை விரும்புவதாகச் சொன்னபோது, அவரை அவர் விருப்பப்படியே போகவிட்டார். சகோதரிகளே, பத்து வருடமாகக் குடும்ப முறைப்பாடுகளைக் கேட்டு எழுதுகிறவள் நான். இப்படியொரு கணவரை என் கோப்புகளில் இன்னும் காணவில்லை. ஆனால் அந்தத் துக்கத்தை அவர் யாரிடமும் இறக்கிவைக்காமல் குடியில் ஊற்றினார்.

இயக்குநராகும் ஆசையும் வந்தது. எம்.ஜி.ஆரை வைத்து 'மாடி வீட்டு ஏழை' தொடங்கினார்; அது முடியவேயில்லை. யார் மேல் பிழை என்று இன்றும் வாதாடுவார்கள். நமக்கு அது வேண்டாம். கார் மாடிவரை ஏறும்படி ஆசையாகக் கட்டிய வீடு கடனில் போனது. 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை இயக்கி, தானே கதாநாயகனாக நடித்தார். அதுவும் கைகொடுக்கவில்லை. 'அடிமைப்பெண்'ணில் (1969) மறுபடி எம்.ஜி.ஆரோடு நடித்தார். ஆனாலும் பழைய நிலை திரும்பவில்லை.

1966 படத்தின் கதாநாயகி சாவித்திரி. அவரும் படங்களை இயக்கினார், கடன்பட்டார், குடித்தார், 1981இல் இறந்தார். சந்திரபாபுவின் குடியைக் 'கலைஞனின் சோகம்' என்கிறோம். சாவித்திரியின் குடியென்றால் குரலைத் தாழ்த்தி 'ஒழுக்கம்' என்கிறோம். இது எந்த ஊர் நியாயம்? நம் தோட்டங்களிலும் இதுதான் நடக்கிறது. தவறணையிலிருந்து பாடிக்கொண்டு வருபவர் 'நல்ல மனிசன், தமாஷ்காரன்'. தோட்டைக் கழற்றி அடகுக்கடைக்குப் போகும் மனைவிதான் 'சிடுமூஞ்சி'. அந்தத் தமாஷ்காரரிடம் "உங்களுக்கு என்ன கவலை?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர் என்று ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை. பிறகு ஓர் அக்கா மட்டும் சொன்னார்: "கேட்டா சிரிப்பாரு மிஸ்."

சந்திரபாபு 46 வயதில், 1974 மார்ச் 8ஆம் திகதி காலமானார். அதே திகதியில் நாம் வைக்கும் மகளிர் தின விழாக்களில் அவருடைய பாட்டும் ஒலிபெருக்கியில் போகும், பிள்ளைகள் ஆடுவார்கள்.