அம்மா சைக்கிளில், அப்பா ரயிலில்

அம்பர்நாத் மும்பைக்கு அருகில் உள்ள ஒரு தொழில் நகரம். இங்கே படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. வால்துனி ஆற்றங்கரையில் பழைய சிவன் கோயில் இருக்கிறது. அது 1060-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்களும் இந்த ஊரில் வாழ்கின்றன.

அப்படி ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, அப்பாயி, பெரிய மகள், சிறிய மகன் என ஐந்து பேர். அம்மாவுக்கும் மகளுக்கும் நேரல் வரை சைக்கிளில் போய்வர ஆசை. போக 27 கிலோமீட்டர். வர 27 கிலோமீட்டர். அப்பாயியும் சிறுவனும் அவ்வளவு தூரம் சைக்கிளில் வர முடியாது.

"இருக்கிறது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதிலும் ஆளுக்கு ஒரு பக்கமா?" என்று அப்பாயி கேட்கிறார். கேள்வி நியாயமானது. இதற்கு வழி உண்டா? உண்டு.

சாலையும் தண்டவாளமும்

அம்பர்நாத்திலிருந்து பத்லாபூர், வாங்கணி, ஷேலு, நேரல் என்று ரயில் நிலையங்கள் வரிசையாக வருகின்றன. கர்ஜத் செல்லும் சாலையும் இதே ஊர்களின் வழியாகப் போகிறது. அம்மாவும் மகளும் சாலையில் போகலாம். மற்ற மூவரும் ரயிலில் போகலாம். நேரலில் எல்லோரும் சேர்ந்துகொள்ளலாம்.

சைக்கிள் காலை 6 மணிக்குக் கிளம்பட்டும். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் போதும். நின்று இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்தால் 9 மணிக்கு நேரல் வந்துவிடும். ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆகவே மற்றவர்கள் 8 மணிக்குக் கிளம்பினால் போதும். பத்லாபூர் லோக்கல் பத்லாபூரோடு நின்றுவிடும். கர்ஜத் அல்லது கோபோலி லோக்கலில் ஏற வேண்டும்.

நேரலில் சிறுவனுக்கும் ஒரு வேடிக்கை உண்டு. மாத்தேரான் மலைக்குச் செல்லும் சிறிய ரயில் அங்கிருந்துதான் புறப்படுகிறது. அந்தப் பாதை 1907-இல் திறக்கப்பட்டது. தண்டவாளத்தின் அகலம் இரண்டு அடிதான்.

பெண்களால் முடியுமா?

இந்தக் கேள்விக்குப் புதுக்கோட்டை மாவட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். முதலில் சிலர் கேலி செய்தார்கள். பெண்கள் நிறுத்தவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமானது. தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் யார் துணையும் தேவைப்படவில்லை. அன்று இருபது வயதில் கற்றவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள்.

புறப்படும் முன்

நெடுந்தூரம் போக உடல் பலம் மட்டும் போதாது. முன்னேற்பாடு வேண்டும்.

முதல் நாளே தொடங்கக் கூடாது. முதல் வாரம் பத்லாபூர் வரை போய்வர வேண்டும். அது 16 கிலோமீட்டர். பிறகு தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

சீட்டின் உயரம் முக்கியம். மிதிகட்டை கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைக்க வேண்டும். அப்போது கால் நேராக நீண்டால் உயரம் சரி. சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும்.

பிரேக், காற்று, செயின் மூன்றையும் முந்தைய நாளே பார்க்க வேண்டும். பம்ப், ஒரு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், ஸ்பேனர் கையில் இருக்க வேண்டும். தலைக்கவசமும் வேண்டும்.

சனிக்கிழமை இரவே புளிச்சோறு கிளறி வைப்பது அப்பாவின் வேலை. அம்மா நன்றாகத் தூங்க வேண்டும் அல்லவா?

வழியில்

தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. அவ்வப்போது இரண்டு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை இறங்கி வாழைப்பழமோ கடலைமிட்டாயோ சாப்பிடலாம். இடதுபுறமாக, ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். லாரியோடு போட்டி கூடாது.

பத்லாபூரிலும் வாங்கணியிலும் நின்று வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். வழியில் முடியாமல் போனால்? பெரும்பாலும் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் ஒரு நிலையம் இருக்கும். ரயிலில் வருபவர்கள் அங்கே இறங்கிக்கொள்ளலாம். நேரல்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் இடமே அன்றைய நேரல்.

திரும்பும்போது பிற்பகல் இரண்டரை மணிக்குக் கிளம்ப வேண்டும். அப்போதுதான் இருட்டும் முன் வீடு சேரலாம். அம்மா களைத்துவிட்டால் அப்பா சைக்கிளை எடுத்துக்கொள்ளலாம். அம்மா அப்பாயியோடு ரயில் ஏறலாம். அது தோல்வி அல்ல. அதுவும் ஏற்பாட்டில் ஒன்றுதான்.

மழைக்காலத்தில் வேண்டாம்

இந்த வழியில் உல்லாஸ் ஆறு ஓடுகிறது. 2019 ஜூலை 27 அன்று ஆறு கரைபுரண்டது. பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் நின்றுவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகுகளின் உதவியோடு மீட்டார்கள். பெரிய ரயிலுக்கே அந்த நிலை என்றால் சைக்கிள் எம்மாத்திரம்? டிசம்பர், ஜனவரி மாதங்களே இந்தப் பயணத்துக்கு ஏற்றவை.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் யார்? தெரியாதவர்கள் யார்? ஏன்?
2. உங்கள் ஊரில் சாலையும் ரயில் பாதையும் சேர்ந்து போகும் வழி எது?
3. அம்மா சைக்கிளில் போகும் நாளில் வீட்டு வேலைகளை யார் யார் செய்யலாம்?