உங்களுக்குத் தெரியுமா? கடற்படையின் ரேடியோ நிலையத்துக்காக மலையேறிய 3,922 படிகள்!

ஹவாயின் ஓஹு தீவில் ஹைக்கூ பள்ளத்தாக்கு இருக்கிறது. ஜப்பானியக் கவிதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு, பசிபிக் முழுவதும் பரவிக் கிடந்த தன் கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் எட்ட அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு பெரிய வானொலி நிலையம் தேவைப்பட்டது. கடல்நீருக்குள் ஓரளவாவது புகக்கூடியவை மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட அலைகள்தான். அவற்றை அனுப்பும் ஆன்டெனாவோ பிரம்மாண்டமாக இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய கோபுரத்துக்கு எங்கே போவது? இயற்கையே எழுப்பி வைத்திருந்த இரண்டு மலைச்சுவர்களைக் கோபுரங்களாக்கி, பள்ளத்தாக்கின் குறுக்கே கம்பிகளை இழுத்துக் கட்டிவிட்டார்கள்!

ஆனால் அந்த உச்சிக்கு முதலில் யாராவது ஏற வேண்டுமே. 1942-ல் பாறையில் இரும்பு முளைகளை அடித்து, அவற்றைப் பிடித்துக்கொண்டே ஏறினார்கள். பிறகு மர ஏணிகள் வந்தன. சில இடங்களில் அவை கிட்டத்தட்ட செங்குத்தாக நின்றன. 1950-களில் ஏணிகளின் இடத்தில் உலோகப் படிகள் பொருத்தப்பட்டன. மொத்தம் 3,922. உயரம் சுமார் 2,800 அடி.

இரண்டாம் உலகப் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கே ‘ஒமேகா’ வழிகாட்டி நிலையத்தை நடத்தியது. செயற்கைக்கோள் வழியே இடமறியும் ஜிபிஎஸ் வந்த பிறகு அதற்கு வேலையில்லை, 1997-ல் மூடிவிட்டார்கள். படிகள் 1987-லேயே பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தன. யார் கேட்டார்கள்? ‘சொர்க்கப் படிக்கட்டு’ என்ற பெயரே போதுமே, விடியுமுன் திருட்டுத்தனமாக ஏறுகிறவர்கள் குறையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களின் புகார்களும் குவிந்தன. படிகளை அகற்றும் வேலையை ஹொனலுலு நகர நிர்வாகம் 2024-ல் தொடங்கியது. அதை எதிர்த்து வழக்கும் நடந்தது.