தினம் ஒன்றா, வாரம் ஒன்றா?



வைட்டமின் மாத்திரைகளைப் பற்றி எழுதுமாறு ஆசிரியர் குழு கேட்டபோது, முதலில் என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை என்று தோன்றியது. நான் தில்லியில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் 31 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் மருந்துச் சீட்டையெல்லாம் படித்துச் சொன்ன நான், சொந்த அக்கா என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்காமல் விட்டேன். விளக்கின் அடியில்தான் இருட்டு என்பது சரியாகத்தான் இருக்கிறது.

அக்காவுக்கு 71 வயது. அத்தான் காலமான பிறகு கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டுத் துவாரகாவில் உள்ள மகனிடம் வந்து தங்கினாள். முழங்கால் வலி, ஓயாத அசதி. இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகக் குறைவு என்று தெரிந்தது. மருத்துவர் 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்றாக எட்டு வாரம் சாப்பிடும்படி எழுதித் தந்தார். அதில் ஒரு குறையும் இல்லை. நம் நாட்டில் வழக்கமாகத் தரும் அளவுதான். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் திரும்புவார்கள். அக்காவே கீழே இருந்த கடைக்குப் போய் வாங்கினாள். கடைப் பையன் உறையின் மேல் இந்தியில் கிறுக்கிக் கொடுத்து, வாயாலும் சொன்னான்: "ஹஃப்தே மே ஏக், தூத் கே ஸாத்."

அக்காவுக்கு அப்போது தெரிந்த இந்தி வார்த்தைகள் இருபது இருக்கும். அதில் 'ஏக்' உண்டு, 'தூத்' உண்டு. வாரம் என்று பொருள்படும் 'ஹஃப்தா' இல்லை. ஒன்று, பாலோடு. அவ்வளவுதான் அவள் காதில் விழுந்தது. தினமும் இரவு பாலோடு ஒரு மாத்திரை விழுங்கினாள். நாலு மாத்திரை அட்டை நாலு நாளில் தீரும். வெறும் அட்டையைக் காவலாளியின் பையனிடம் கொடுத்தனுப்புவாள். கடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் இன்னொரு அட்டை வரும்.

ஏழாவது வாரம் வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், இரவில் ஐந்தாறு முறை சிறுநீர். பிறகு பேச்சு குழறியது. ஒருநாள் என்னைப் பார்த்து, இறந்துபோன எங்கள் பெரிய அண்ணன் பெயரைச் சொல்லி அழைத்தாள். அன்றே மருத்துவமனையில் சேர்த்தோம். "என்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்று மருத்துவர் கேட்டார். "ஏதோ சத்து மாத்திரைதான்" என்றோம். மருந்தகத்தில் 31 ஆண்டு இருந்தவன் சொன்ன பதில் இது! வீட்டுக்குப் போய்த் தேடினேன். பழைய பிஸ்கட் டப்பாவில் பதினோரு வெறும் அட்டைகளை அடுக்கி வைத்திருந்தாள்.

அக்காவின் இரத்தத்தில் கால்சியம் 13.8 இருந்தது. 10.5-ஐ ஒட்டி நிற்க வேண்டியது. சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தது. அவள் வயதுக்கு நாளொன்றுக்கு வேண்டிய வைட்டமின் டி சுமார் 800 யூனிட். 44 நாளில் அவள் விழுங்கியது 26 லட்சத்து 40 ஆயிரம் யூனிட், அதாவது ஒன்பது ஆண்டுக்கான அளவு! ஒன்பது நாள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பினாள். கால்சியம் முழுதும் அடங்கச் சில மாதங்கள் ஆயின. இன்று நன்றாக இருக்கிறாள்.

சிறிதளவுதான் உயிர்ச்சத்து

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிடு நீங்காத அரிசி கொடுத்தால் தேறுவதையும் கண்டார். தவிட்டில் இருந்த அந்தப் பொருளே பி1. 1912இல் கசிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமின்' என்று பெயரிட்டார். நம் வீட்டுப் புழுங்கலரிசிக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது பி1 உள்ளே இறங்கிவிடுவதால், தீட்டினாலும் அவ்வளவாகப் போவதில்லை.

இந்தச் சத்துகள் உடம்புக்கு வேண்டியது மில்லிகிராம், மைக்ரோகிராம் அளவில்தான். அந்த அளவு குறைந்தால் நோய். அதற்காக, கூடினால் கூடுதல் பலம் என்று கணக்குப் போடக் கூடாது.

ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. மிஞ்சியது உடம்பில் தங்கிச் சேரும். ஆகையால்தான் டி-யை வாரம் ஒருமுறை கொடுக்க முடிகிறது; அளவு மீறினால் ஆபத்தாவதும் அதனால்தான். பி வகைகளும் சி-யும் நீரில் கரைபவை. மிஞ்சியதில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். மாத்திரை சாப்பிட்டதும் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது பி2-ஆல், பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் நீரில் கரைபவையெல்லாம் சாது என்றும் எண்ண வேண்டாம். பி6-ஐ அதிக அளவில் நீண்ட நாள் சாப்பிட்டால் கை கால் மரத்துப்போகும். மரமரப்பு போகவேண்டுமென்று பி மாத்திரையை நாமாகவே கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வைட்டமின் சி-யின் தினசரித் தேவை ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம்தான். 2020, 2021 கொரோனா நாட்களில் தொடங்கிய 500 மில்லிகிராம் மாத்திரையை இன்னும் விடாதவர்கள் உண்டு. சிறுநீரகக் கல் வரும் உடம்புக்காரர்களுக்கு அதிக சி ஆகாது. அப்போது சேர்த்து வாங்கிய துத்தநாக மாத்திரையும் அப்படித்தான். அதிக அளவில் மாதக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பில் செம்புச் சத்தைக் குறைத்துவிடும்.

யாருக்கு உண்மையில் தேவை?

கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஃபோலிக் அமிலமும் இரும்பும் அவசியம். நம் அரசுத் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை தினமும் 180 நாள் தருகிறார்கள். ஆனால் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் வைட்டமின் ஏ (ரெட்டினால்) அதிகமாகச் சேர்ந்தால் சிசுவின் உறுப்புகள் கெடக்கூடும். ஆகவே கர்ப்பிணிகள் மருத்துவர் தந்ததைத் தவிர வேறு சத்து மாத்திரையைத் தொடக் கூடாது.

சுத்த சைவர்களுக்கும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையலாம். பரிசோதித்துப் பார்த்துச் சாப்பிடுவது நல்லது. அடுக்குமாடியில் அடைந்து கிடப்பவர்களுக்கு டி குறைவது சகஜம். மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் டி உண்டாகாது. பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ போக வேண்டும்.

புகைபிடிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது. கேரட்டும் கீரையும் தாராளமாகச் சாப்பிடலாம். அந்த மாத்திரை வேண்டாம்.

மற்ற மருந்துகளோடு சேரும்போது

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதற்கும் இரும்பு, கால்சியம் கலந்த மாத்திரைக்கும் இடையில் நாலு மணி நேரம் விட வேண்டும். இரண்டையும் காலையில் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து சரியாக உடம்பில் சேராது. டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகளுக்கும் இதே தொல்லை உண்டு.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசெனோகுமரால் சாப்பிடுபவர்கள், வைட்டமின் கே கலந்த மாத்திரையைத் தாமாகத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. முடி வளரவென்று பயோட்டின் சாப்பிடுபவர்கள் இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அதைச் சொல்ல வேண்டும். தைராய்டு, மாரடைப்பு ஆகியவற்றுக்கான சில பரிசோதனைகளில் அது தவறான முடிவைக் காட்டிவிடும்.

இரும்பு மாத்திரையோடு காப்பி, டீ, பால் வேண்டாம். எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போவது இரும்பால் வருவது, பொதுவாகப் பயமில்லை. மற்ற பலசத்து மாத்திரைகளைச் சாப்பாட்டுக்குப் பின் போடுவதே வயிற்றுக்கும் நல்லது; ஏ, டி போன்றவை நெய், எண்ணெய் உள்ள உணவோடுதான் நன்றாகச் சேரும். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.

வீட்டில் செய்யவேண்டியது

முதலில், வீட்டில் இருக்கும் எல்லாச் சத்துப் பொருள்களையும் மேஜைமேல் பரப்புங்கள். பலசத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, முடிக்கான மாத்திரை, புரதப் பொடி, பாலில் கலக்கும் பானம் எல்லாவற்றிலும் டி இருக்கலாம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, உறையைப் படியுங்கள். கடையில் கிடைக்கும் பல சத்து மாத்திரைகள் சட்டப்படி மருந்தே அல்ல, உணவுப் பொருள்கள். அவற்றில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். காலாவதி நாளையும் பாருங்கள். இதில் எதுவும் இல்லாத டப்பாவை யார் பரிந்துரைத்தாலும் வாங்காதீர்கள்.

மூன்றாவது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இரும்பு மாத்திரைகளைக் குழந்தை எண்ணிக்கையின்றி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மிட்டாய் போலிருக்கும் வைட்டமின்களைக் குழந்தைகளிடம் மிட்டாய் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அடுப்படி, குளியலறை, தில்லி ஜூன் மாதத்துக் கார், மூன்றும் மாத்திரை வைக்கும் இடங்கள் அல்ல.

நான்காவது, குறை இல்லாதவர்கள் சந்தைப் பையை மாத்திரைப் பெட்டி ஆக்கிக்கொள்ளலாம். குளிர்காலத்தில் தில்லியில் நெல்லிக்காய் மலிவு. பெரிய நெல்லிக்காய் ஒன்றே ஒரு நாள் சி-யைத் தந்துவிடும். ஐ.என்.ஏ. சந்தையில் முருங்கை கிடைக்கிறது. இங்கத்துப் பதுவாக் கீரையும் நம் கூட்டுக்கு அருமையாகப் பொருந்தும்.

கடைசியாக ஒன்று. ஊரிலிருந்து வந்து நம்மோடு இருக்கும் பெரியவர்கள், புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். "மாத்திரை சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்காதீர்கள், அக்கா அதற்குத் தினமும் 'ஆச்சு' என்றுதான் சொன்னாள். "எதை, எப்போது, எத்தனை?" என்று கேளுங்கள். ஒவ்வொரு உறையின் மேலும் தமிழில், பெரிய எழுத்தில், எழுதி ஒட்டுங்கள். வார மாத்திரையானால் கிழமையையே எழுதிவிடுங்கள்.

அக்காவின் மருந்துப் பெட்டியில் இப்போது எல்லாம் தமிழில்தான் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் நான் நம் சங்க நூலகத்தில் இருப்பேன். வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைகளையும் மருந்துச் சீட்டையும் கொண்டு வாருங்கள். மருந்தை மாற்றிச் சொல்ல நான் மருத்துவனல்ல. ஆனால் சீட்டில் உள்ளதைத் தமிழில் எழுதி ஒட்டித் தருவேன். பேனாவும் பசையும் என்னிடம் இருக்கின்றன.