மினுமினுப்பு போன டைல்ஸ் தரை... ஆசிட் பாட்டிலை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்!

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நெருங்கினால் காரைக்கால் வீடுகள் பரபரப்பாகிவிடும். பிச்சாண்டவர் வீதியுலாவில் மாம்பழம் இறைப்பதைப் பார்க்க வெளியூர் சொந்தங்கள் வந்து இறங்குவார்கள். ஒட்டடை அடித்து, கர்ட்டன் துவைத்து எல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டாலும், ஹால் தரை மட்டும் அழுது வடியும். கிரகப்பிரவேசத்தன்று முகம் பார்க்கலாம் போலிருந்த அதே டைல்ஸ்தான்!

உடனே பலரின் கை போவது பாத்ரூம் ஆசிட்டுக்கு. கொஞ்சம் பொறுங்கள்.

பாலிஷ்டு போர்சலின், நம் கடைக்காரர்கள் வார்த்தையில் வெட்ரிஃபைடு டைல்ஸ், சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் சுடப்படுவது. தன் எடையில் 0.5 சதவிகிதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. சுட்ட பிறகு வைரத்துகள் பதித்த கற்களால் மேற்பரப்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்தப் பளபளப்பைக் கொண்டுவருகிறார்கள். அதனால், பளபளப்பு அவ்வளவு சீக்கிரம் 'போய்விடுவதில்லை'. பெரும்பாலும் எதற்கோ அடியில் ஒளிந்திருக்கிறது.

அந்த 'எது' என்பதற்கு நம் ஊரில் முதல் பதில், உப்பு. கடலோர போர் தண்ணீரில் துடைத்தால் தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு தரையிலேயே தங்கிவிடும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் சேமித்து தரை துடைக்கிறவர்களும் உண்டு. நல்ல மனசுதான். ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். அதை டாய்லெட்டுக்கு ஊற்றலாம், ஹாலுக்கு வேண்டாம்.

அடுத்தது, வாசனைக்காக மூடி மூடியாக ஊற்றும் ஃபினாயில், சோப்பு. சரியாக அலசாவிட்டால் மெல்லிய படலமாகப் படியும். அதன்மேல் காலடி அழுக்கு ஒட்டிக்கொள்ளும்.

படலமா, கீறலா?

விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள். புகை படிந்த மாதிரி தெரிந்தால் படலம். மெல்லிய கோடு கோடாகத் தெரிந்தால் கீறல். பீரோவுக்கு அடியில் இருக்கும், யாரும் மிதிக்காத டைல்ஸோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகப் புரியும்.

படலம் என்றால் கவலையே வேண்டாம். முதலில் மணல் இல்லாமல் பெருக்குங்கள். ஒரு பக்கெட் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் சில சொட்டுகள் போதும். துடைத்ததும் நல்ல தண்ணீரில் இன்னொரு முறை. அதோடு விட்டால் பாதி வேலைதான். ஈரம் தானாகக் காயும் முன் உலர்ந்த பருத்தித் துணியாலோ மைக்ரோஃபைபர் துணியாலோ ஒற்றித் துடைத்துவிட வேண்டும். என்னைக் கேட்டால், கடையில் விற்கும் எந்த 'ஷைனர்' பாட்டிலையும்விட இந்தக் கடைசி வேலைக்குத்தான் பலன் அதிகம்.

அப்படியும் வெள்ளை போகாவிட்டால், ஒரு பக்கெட்டுக்கு அரை கப் வினிகர் கலந்து ஒரு மூலையில் சோதித்துவிட்டுத் துடைக்கலாம். பிறகு உடனே அலசிவிடுங்கள். டைல்ஸ் தாங்கும், இடுக்கில் இருக்கும் சிமென்ட் தாங்காது. மார்பிள், மொசைக் தரையில் வினிகரே கூடாது. சமையலறை எண்ணெய்ப் பிசுக்குக்கு வினிகர் உதவாது. அங்கே வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் வாஷிங் சோடா, கையில் கிளவுஸ்.

இனி ஆசிட். இடுக்கு சிமென்ட்டை அரிப்பது ஒருபுறம் இருக்கட்டும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரையும் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய அறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். 'இரண்டும் சேர்ந்தால் பவர்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சில துருநீக்கிகளில் இருக்கும் ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் டைல்ஸையே தின்றுவிடும். தோலில் பட்டால் பேராபத்து.

ரெட் ஆக்சைடு தரைக்கு பாட்டிகள் தேங்காய் எண்ணெய் தேய்ப்பார்கள். அந்த சிமென்ட் தரை எண்ணெயைக் குடித்து மினுக்கும். டைல்ஸ் குடிக்காதே! எண்ணெயோ மெழுகோ மேலேயே நிற்கும். மறுநாள் காலையில் வழுக்கி விழப்போவது அதே பாட்டிதான். வயதான இடுப்பெலும்பு உடைந்தால் மாதக்கணக்கில் படுக்கை. பளபளப்பு அந்த விலைக்கு வேண்டவே வேண்டாம்.

டார்ச்சில் கோடுகள் தெரிந்தால் குற்றவாளி மணல். கடற்கரையிலிருந்து செருப்போடு வருவது குவார்ட்ஸ் மணல். கிட்டத்தட்ட டைல்ஸ் அளவுக்கே கடினமானது. வாசலில் உள்ளும் புறமும் மிதியடி போடுங்கள், நாற்காலிக் கால்களில் ஃபெல்ட் ஒட்டுங்கள். கம்பி நாரைத் தரைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

விழுந்த கீறலை எந்தத் திரவமும் மறைக்காது. வைர பேட் பொருத்திய மெஷினால் மறுபடி பாலிஷ் செய்யலாம்; டபுள் சார்ஜ் டைல்ஸில் மேல் நிற அடுக்கே 3 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் தாங்கும். ஆனால் மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய பூச்சும் அச்சிட்ட டிசைனும் கொண்ட டைல்ஸ் என்றால், மெஷின் டிசைனையே எடுத்துவிடும். மொட்டை மாடியில் மிச்ச டைல்ஸ் கிடந்தால் அதன் உடைந்த விளிம்பைப் பாருங்கள். எந்த வகை என்று தெரிந்துவிடும். பாலிஷ் ஆள் வந்தால், பீரோ ஓரமாக ஒரே ஒரு டைல்ஸை மட்டும் முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்.