துருவும் பூச்சும்

இராமேசுவரம் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாம்பன் தொடர்வண்டிப் பாலம் 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. உப்புக்காற்று ஓயாது வீசும் அக்கடற்பரப்பில் இரும்பு நிலைத்து நிற்றல் எளிதன்று.

இரும்பு, நீருடனும் ஆக்சிஜனுடனும் வினைபுரிந்து துருவாகிறது. நீரில் கரைந்த உப்பு அவ்வினையை விரைவுபடுத்துகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைப்பதால் செதில் செதிலாக உதிர்கிறது. உடனே உள்ளிருக்கும் புதிய இரும்பு காற்றுக்கு இரையாகிறது. அலுமினியத்தின்மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலமோ அதனைக் கவசம்போல் காக்கிறது. இரும்புக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அதற்குரிய கவசத்தை மனிதரே பூச வேண்டியுள்ளது.

பூசுவதைவிடக் கடினமானது, பூசுவதற்கு முன் செய்யும் பணி. பழைய துருவையும் உப்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முற்றும் நீக்காமல் பூசினால், பூச்சின் அடியிலேயே அரிப்பு தொடரும். வெளியே பளபளப்பாகத் தோன்றும் உத்திரம் உள்ளுக்குள் இற்றுக்கொண்டிருக்கும். தூய்மையாக்கிய பரப்பின்மீது முதலில் துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு இடப்படும். மேலே கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். அதன்மேல் நீர்புகாத இடைப்பூச்சும் வெயிலைத் தாங்கும் மேற்பூச்சும் அமைகின்றன. விளிம்புகளிலும் தறையாணித் தலைகளிலும் பூச்சு மெலிந்துவிடும். ஆகவே, தேர்ந்த பணியாளர் அவ்விடங்களைத் தூரிகையால் தனியே ஒருமுறை பூசுவர்.

பழைய பாலத்தில் அரிப்பு மிகவே, 2022 டிசம்பரில் அதன்மீது தொடர்வண்டிகள் செல்வது நிறுத்தப்பட்டது. அதனருகே எழுந்து, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்திற்குப் பாலிசிலாக்சேன் என்னும் பூச்சு இடப்பட்டுள்ளது.