தட்டிப் பார்த்து வாங்கிய வீணை

தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் வாங்குபவர் நம் வணிகர்களில் யாரும் இல்லை. அரிசியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்போம். துவரம் பருப்பைப் பல்லில் கடித்துப் பார்ப்போம். மிளகாய் வற்றலைக் குலுக்கிக் காது கொடுத்துக் கேட்போம். சரக்குப் பார்த்து வாங்குவது நமக்குப் பரம்பரை வித்தை. ஆனால் நம் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொருளை வாங்கப் போகும்போது, இந்த வித்தையையெல்லாம் கல்லாப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறோம். பளபளப்பைப் பார்த்து, விலையைக் கேட்டு, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் ஏமாற இருந்தேன். தப்பித்த கதையையும், அதனால் பின்னாளில் கிடைத்த பலனையும் நம் அன்பர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

மேற்குத் தாம்பரத்தில் மளிகைக் கடை, முடிச்சூரில் வீடு. என் மகள் சிறு வயதிலிருந்தே வீணை கற்று வந்தாள். மூன்று வருடம் வாடகை வீணையில் ஓட்டினோம். 2009-இல் அவளுடைய ஆசிரியை, "இனிமேல் சொந்த வீணை வேண்டும்" என்று சொல்லிவிட்டார். நகரத்தில் ஒரு கடையில் நன்றாக வர்ணம் பூசிய வீணை ஒன்றைப் பார்த்து விலையும் பேசி முடித்தேன். அன்று மாலை ஆசிரியையிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி இதுதான்: "யார் செய்தது என்று கேட்டீர்களா?"

கேட்கவில்லை. நம் கடையில் ஒரு புளி மூட்டை வந்தால்கூட எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்காமல் இறக்க மாட்டோம். தலைமுறைக்கு வாங்கும் பொருளுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த வாரமே மகளை அழைத்துக்கொண்டு தாம்பரத்தில் இரவு ரயில் ஏறினேன். விடிந்தபோது தஞ்சாவூர்.

பலா மரமும் மளிகைச் சரக்கும்

தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுவது. கோடை வந்தால் நம் ஊர்ச் சாலையோரங்களில் குவியும் பண்ருட்டிப் பலாவை நமக்குப் பழமாகத்தான் தெரியும். வயதான அந்த மரங்கள்தான் தஞ்சாவூர்ப் பட்டறைகளுக்கு வீணையாவதற்குப் போகின்றன.

நாங்கள் போன பட்டறையில் இருந்த ஆசாரி எங்களுக்கு உட்காரப் பலகை போட்டுவிட்டு, இரண்டு மரத்துண்டுகளை என் கையில் கொடுத்தார்.

"தட்டிப் பாருங்க ஐயா."

ஒன்று 'டப்' என்று அடங்கியது. மற்றது 'ணங்' என்று சற்று நேரம் நின்றது. இளநீருக்கும் முற்றிய தேங்காய்க்கும் உள்ள வித்தியாசம்தான். முதலாவது ஈரம் காயாத மரம். இரண்டாவது நன்றாகக் காய்ந்து முற்றியது.

"ரெண்டையும் வர்ணம் பூசி வெச்சா கண்ணுக்கு ஒண்ணுதான் ஐயா. ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். ஈர மரம் காயக் காயத் தண்டி வளையும். அப்புறம் எவ்வளவு கூட்டினாலும் சுதி நிக்காது" என்றார்.

அங்கே இன்னொரு ஆச்சரியம் எனக்குக் காத்திருந்தது. வீணைத் தண்டியின் மேல் 24 மெட்டுகள் வரிசையாக நிற்கின்றன அல்லவா? அவற்றை ஆணி அடித்தோ திருகு போட்டோ பொருத்துவதில்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சிய கலவையை இரண்டு வரப்புகளாகத் தண்டியின் மேல் படிய வைத்து, அதன் மேல் ஒவ்வொரு மெட்டாகக் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்துகிறார்கள். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். தேன்மெழுகும் குங்கிலியமும் நாட்டு மருந்துச் சரக்கு வைத்திருக்கும் எந்தக் கடையிலும் உள்ளவை. நாம் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் குங்கிலியம் ஒரு வீணையின் சுதியைத் தாங்கி நிற்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

ஒரு ஸ்தாயிக்குப் 12 மெட்டு. இரண்டு ஸ்தாயிக்கு 24. மேலே வாசிப்புத் தந்தி நான்கு, பக்கத்தில் தாளத்தந்தி மூன்று, ஆக ஏழு. மெட்டுகளை இப்படி நிலையாக 24 என்று அமைத்தது 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் என்று மரபு சொல்கிறது. 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

எதற்குக் கூடுதல் விலை?

வீணையில் இரண்டு வகை உண்டு. குடம், தண்டி, யாளி முகம் ஆகியவற்றைத் தனித்தனியாகச் செய்து ஒட்டினால் அது ஒட்டு வீணை. எல்லாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்து எடுத்தால் அது ஏகாண்ட வீணை. ஏகாண்டத்துக்கு விலை நன்றாகவே கூடுதல். வணிகனாயிற்றே, ஏன் என்று கேட்டேன்.

"ஒட்டு வீணையில ஒரு துண்டு வெடிச்சா அந்தத் துண்டை மட்டும் மாத்திடலாம். ஏகாண்டத்துல கடைசி நாள்ல வெடிச்சாலும் முழு மரமும் போச்சு. அந்தச் சேதாரமும் விலையில சேர்ந்துதான் இருக்கு ஐயா."

இப்படி ஒளிவு மறைவில்லாமல் கணக்குச் சொன்ன வியாபாரியிடம் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்தேன். மகளை உட்கார வைத்து, அவள் கை நீளத்தையும் விரல் வாகையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து வீணை வந்தது.

இங்கே வரிக் கணக்குப் பார்க்கும் நம் அன்பர்களுக்கு ஒரு செய்தி. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, கையால் செய்யும் நம் நாட்டு இசைக்கருவிகளுக்கு வரிவிலக்கு கொடுத்து ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். அதில் சரஸ்வதி வீணையின் பெயரும் இடம்பெற்றது.

"மளிகைக் கடைக்காரர் வீட்டில் வீணைக்கு என்ன வேலை?" என்று கேட்ட உறவினரும் உண்டு. அவர்களுக்கு நான் சொன்ன பதில்: வீணை தனம்மாள் (1867–1938) வாழ்ந்தது எங்கே? நாம் மொத்தச் சரக்கு எடுக்கப் போகும் ஜார்ஜ் டவுனில்தான். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வாசிப்பதைக் கேட்கப் பெரிய வித்வான்களெல்லாம் அந்தச் சந்தைத் தெருக்களுக்குள் தேடி வந்தார்கள். வியாபாரம் நடக்கும் இடத்தில் வீணை இருக்கக்கூடாது என்று யார் சொன்னது?

வெள்ளம் வந்தது

2015 டிசம்பர் முதல் வாரத்தை நம் தாம்பரம் வட்டாரத்து வணிகர் எவரும் மறக்க மாட்டார். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. தெருவில் படகு ஓடியது. கடையில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளும் பருப்பு மூட்டைகளும் நனைந்து வீணாயின. மாடியில் ஒதுங்கி உயிர் பிழைத்தோம். கட்டிலின் மேல் வைத்திருந்த வீணையை எடுத்து வர அந்த இரவில் யாருக்கும் தோன்றவில்லை.

தண்ணீர் வடிந்தபின் இறங்கிப் பார்த்தால், குடத்தின் மேல்பலகை ஒரு பக்கம் பிளந்து எழும்பியிருந்தது. மேளம் இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. உள்ளே சேறு. "குப்பையோடு போட்டுவிடு" என்றார்கள். மகள் அழவில்லை. கைபேசியை வாங்கித் தஞ்சாவூருக்குப் பேசினாள். அவர் சொன்னதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாள். அந்தக் காகிதம் இன்றும் எங்கள் வீட்டில் உள்ளது:

"வெயில்ல வைக்கவே கூடாது பாப்பா. தந்தியெல்லாம் தளர்த்திடு. பழந்துணியால ஒத்தி எடு, தேய்க்காதே. விட்டுப் போன ஒட்டை இழுத்துப் பிரிக்காதே. நிழல்ல, காத்து வர்ற இடத்துல கிடக்கட்டும். நான் சொன்னப்புறம் கொண்டு வாங்க."

ஏழு வாரம் கழித்துக் கொண்டு போனோம். அவர் உறையைப் பிரித்ததும் பார்த்தது பலகையை அல்ல. குடத்தையும் தண்டியையும் விரலால் தட்டிப் பார்த்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். 'ணங்' என்றது.

"உடம்பு ஒரே மரம் ஐயா, விட்டுப்போக அங்க ஒட்டே இல்லை. மேல்பலகைதான் போச்சு. அதை மாத்திக்கலாம்" என்றார்.

2009-இல் நான் கொடுத்த கூடுதல் விலை எதற்கு என்பது எனக்கு அன்றுதான் முழுதாக விளங்கியது. புதுப் பலகை போட்டு, மேளம் புதிதாகக் கட்டி, இரண்டு மாதத்தில் கொடுத்தார். சாமானுக்கும் கூலிக்கும் நியாயமான தொகை வாங்கிக்கொண்டார். நாதம் முன்பு போலவே இருக்கிறதா என்று கேட்டால், மகள் "கொஞ்சம் வேறுதான், புதுப் பலகை பழக வேண்டும்" என்பாள். இன்று எங்கள் தெருப் பிள்ளைகள் நால்வருக்கு அந்த வீணையிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கிறாள்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. மாண்டலின் என்றால் நமக்கு 2014-இல் மறைந்த யு. ஸ்ரீநிவாஸ் நினைவுக்கு வருவார். இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி உள்ள மேல்நாட்டுக் கருவியை ஐந்து ஒற்றைத் தந்தியாக மாற்றிக் கர்நாடக இசை வாசித்தவர். அதே மாண்டலினில் அமெரிக்கப் பாட்டுக்காரர் பில் மன்ரோ பெரும் புகழ் பெற்றவர். அவர் வாசித்தது 1923-இல் கிப்ஸன் பட்டறையில் செய்த கருவி. 1940-களில் ஒரு முடிதிருத்தும் கடையில் பழைய சாமானாகக் கண்டு வாங்கியது. 1985-இல் யாரோ வீடு புகுந்து அதை இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கிவிட்டார்கள். சில்லுகளைப் பொறுக்கி எடுத்து, செய்த நிறுவனத்துக்கே அனுப்பினார்கள். அங்கே ஒரு கைவினைஞர் பொறுமையாக ஒவ்வொரு சில்லாக ஒட்டி மீண்டும் வாசிக்க வைத்தார். எங்கே செய்தது என்று தெரிந்த கருவிக்குத்தான் திருப்பி அனுப்ப ஒரு முகவரி உண்டு.

வாங்குவோர் கவனத்துக்கு

வீட்டுப் பிள்ளைகளுக்கு வீணை வாங்க நினைக்கும் அன்பர்களுக்கு என் அனுபவத்தில் சில குறிப்புகள்:

1. கற்றுக்கொடுப்பவரை உடன் அழைத்துப் போகவும். முடிந்தால் கடைக்குப் பதில் பட்டறைக்கே போகவும்.

2. வர்ணம் பூசுவதற்கு முன் மரத்தைப் பார்க்கக் கேட்கவும். முடிச்சு, வெடிப்பு இருக்கக் கூடாது. தட்டிப் பார்க்கவும், கூச்சம் வேண்டாம். நல்ல ஆசாரி அதை விரும்பவே செய்வார்.

3. 24 மெட்டிலும் ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டச் சொல்லிக் கேட்கவும். எங்காவது 'ஜிர்' என்று அதிர்ந்தால் அங்கேயே சரி செய்து வாங்கவும். பிரடை வழுக்காமல் நிற்கிறதா என்றும் பார்க்கவும்.

4. மேளம் சில வருடங்களுக்கு ஒருமுறை புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். அது பழுது அல்ல, பராமரிப்பு. யார் கட்டித் தருவார் என்பதை வாங்கும்போதே பேசிக்கொள்ளவும்.

5. தேன்மெழுகு 62 டிகிரி வாக்கில் உருகிவிடும். அதற்கு முன்பே இளகும். சித்திரை வெயிலில் மூடிய காரில் வீணையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

6. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தரையில் வைக்க வேண்டாம். நம் பகுதியில் இருப்போர் மாடியில் வைப்பது நல்லது. இது பட்டறிவு.

7. கையில் பணம் குறைவென்றால் ஒட்டு வீணை வாங்குவதில் தவறில்லை. நல்ல மரத்தில் செய்த ஒட்டு வீணை, ஈர மரத்தில் செய்த ஏகாண்டத்தைவிட மேல்.

8. வாங்கிய பின் பூட்டி வைக்காதீர்கள். தினம் வாசித்தால்தான் எங்கே குறை என்று உடனே தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தவர் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறையில் வேலை கற்க இளைஞர்கள் வருவது குறைந்துவிட்டது என்று ஆசாரி என்னிடம் வருத்தப்பட்டார். வாங்குகிறவர்கள் பெயர் கேட்டு வந்தால்தான் அந்தத் தொழிலில் பிள்ளைகளை விட அவர்களுக்கு மனம் வரும். நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் நம்மை நம்பி, நம் பெயர் சொல்லித்தானே வருகிறார்? அந்த மரியாதையை இன்னொரு தொழிலாளிக்கு நாம் கொடுப்பதற்கு ஒரு கேள்வி போதும்: "இது யார் செய்தது?"