எந்தச் சந்தில் நெரிசல்?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தி.நகர் போனவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். உஸ்மான் சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும், மாம்பலம் ஸ்டேஷனுக்கு எப்போது போய்ச் சேருவோம் என்பதை ரங்கநாதன் தெருதான் முடிவு செய்யும். வீட்டு இன்டர்நெட்டும் அப்படித்தான். வரும் வழியில் எந்த இடம் மிகக் குறுகலோ, அதன் வேகம்தான் மொத்த வேகம். முப்பது ஆண்டுகளில் சென்னை வீடுகளில் எத்தனையோ பெட்டிகள் வந்துபோயின. டயல்-அப் மோடம், கேபிள் மோடம், டிஎஸ்எல் மோடம், இப்போது கண்ணாடி இழைக்கான ஓஎன்டி. பெட்டி கண்ணுக்குத் தெரிவதால் வேகம் குறைந்தால் அதையே திட்டுகிறோம், அதையே மாற்றுகிறோம். நெரிசல் பெரும்பாலும் வேறொரு சந்தில் இருந்தது. அந்தச் சந்துதான் பத்தாண்டுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

டெலிபோன் ஒயர்

1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது, முதலில் பெற்ற நகரங்களில் மெட்ராஸும் ஒன்று. அடையாறை ஒட்டிய ஐஐடி வளாகத்துக்குள் எர்நெட் வழியாக மின்னஞ்சல் சில ஆண்டுகள் முன்பே வந்திருந்தது. மதிலுக்கு வெளியே இருந்தவர்களுக்கு விஎஸ்என்எல்தான் கதி. ஆரம்ப வேகம் 9.6 கேபிபிஎஸ். அந்தத் தொடக்க ஆண்டுகளில் மாணவர்களுக்கு வருடம் 500 ரூபாயில் ஒரு ‘ஷெல்’ கணக்கு கொடுத்தார்கள். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடும், படம் கிடையாது. படத்தோடு பார்க்க வேண்டுமானால் 15,000 ரூபாய்.

அன்று மோடம் என்பது நிஜமாகவே தேடித் தேர்ந்தெடுக்கும் பொருள். மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, 28.8-ஆ 33.6-ஆ என்று விசாரித்து வாங்குவார்கள். கம்ப்யூட்டருக்குள் செருகும் கார்டா, வெளியே வைக்கும் பெட்டியா என்பது அடுத்த கேள்வி. பெட்டி விலை கூட. ஆனால் விளக்கு மினுங்குவதைப் பார்த்து லைன் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். மலிவான கார்டுகள் ‘வின்மோடம்’ வகை. மோடம் செய்ய வேண்டிய வேலையைக் கம்ப்யூட்டர் தலையில் கட்டிவிடும். லினக்ஸ் போட்டவர்கள் அதை வாங்கிவிட்டுப் பட்ட பாடு தனிக்கதை.

1998-ல் வி.90 என்ற தரம் வந்தது. அட்டைப்பெட்டி மேல் 56கே என்று பெரிதாக அச்சிட்டு விற்றார்கள். டயல்-அப் வேகம் அதோடு நின்றுவிட்டது. எக்ஸ்சேஞ்ச், மனிதக் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதியது. பெருக்கினால் 64,000. டெலிபோன் என்ற ஏற்பாட்டின் உச்சவரம்பே 64 கேபிபிஎஸ். அதில் பிடித்தம் போக 56. ரிச்சி தெருவில் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் அந்தச் சுவரில்தான் போய் முட்ட வேண்டும். 56 முழுதாகக் கிடைத்தாலே 5 எம்பி பாட்டு ஒன்று இறங்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஐப்பசி மழையில் தெருமுனை பில்லருக்குள் ஈரம் இறங்கிவிட்டால் அதுவும் கிடைக்காது. கூடத்தில் ஒருவர் நெட்டில் இருக்க, உள்ளறையில் இன்னொருவர் எக்ஸ்டென்ஷன் ரிசீவரைத் தூக்கினால் எல்லாம் முதலிலிருந்து. போன் மீட்டர் மட்டும் நிற்காமல் ஏறும்.

இந்தச் சந்தைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடியவர்களில் சென்னைக்காரர்கள் நிறைய. ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு உருவாக்கிய கார்டெக்ட், தாமிர ஒயரைத் தவிர்த்துவிட்டு ரேடியோ வழியாகப் பேச்சையும் இன்டர்நெட்டையும் ஒரே சமயத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தது. வேகம் 35 அல்லது 70 கேபிபிஎஸ். 1998 நவம்பரில் தனியாருக்குக் கதவு திறந்ததும் முதலில் உள்ளே நுழைந்த சத்யம் இன்ஃபோவே சென்னை நிறுவனம்தான். அடுத்த ஆண்டே அது நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. பின்னாளில் சிஃபி என்று பெயர் மாறியது. டிஎஸ்எல் சேவையை இந்தியாவில் முதலில் விற்ற டிஷ்நெட்டும் சென்னையில் இருந்துதான் கிளம்பியது. இதில் எதற்கும் வழியில்லாதவர்கள் பிரவுசிங் சென்டரில் பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்தார்கள்.

மொட்டை மாடி

இதற்கிடையே டெலிபோன் ஒயரைவிட அகலமான ஒரு வழி ஏற்கெனவே வீட்டு டிவிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது. 1993 ஏப்ரலில் சன் டிவி தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், மாட வீதிகளிலும் மேற்கு மாம்பலத்துச் சந்துகளிலும் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி கறுப்பு கேபிள் தாவிவிட்டது. அந்த கேபிளில்தான் ஹாத்வே, யூ போன்ற நிறுவனங்கள் இன்டர்நெட்டையும் ஏற்றின. கேபிள் மோடம் என்ற பெட்டி சென்னை வீடுகளுக்குள் வந்தது அப்படித்தான்.

அதன் கணக்கு எளிது. 1997-ல் வந்த டாக்ஸிஸ் என்ற தரப்படி, ஒரு டிவி சேனல் பிடிக்கும் இடத்தில், அதாவது அமெரிக்க அளவில் 6 மெகாஹெர்ட்ஸில், சுமார் 38 எம்பிபிஎஸ் அனுப்பலாம். 56கே-யில் காய்ந்தவர்களுக்கு அது காவிரி வெள்ளம். ஆனால் அந்த 38 ஒரு வீட்டுக்கானது இல்லை. அந்த கேபிளில் தொங்கும் அத்தனை வீடுகளுக்கும் பொது. மதியம் பறக்கும் நெட் ராத்திரி ஒன்பது மணிக்குத் தவழ்வதற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு சிக்கல், டிவிக்காகப் போட்ட கேபிள் ஒருவழிப் பாதை. வழியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர்கள் படத்தை வீட்டுப் பக்கம் தள்ள மட்டுமே தெரிந்தவை. இன்டர்நெட்டுக்குத் திரும்பி வரும் வழியும் வேண்டும். அதற்கு ஒவ்வோர் ஆம்ப்ளிஃபயரையும் மாற்ற வேண்டும். திரும்பும் வழியில் எந்த வீட்டிலாவது கனெக்டர் தளர்ந்திருந்தால், அங்கே நுழையும் இரைச்சல் எல்லார் வேகத்தையும் கெடுக்கும். இரண்டாவது டிவிக்காக வைத்த ஸ்ப்ளிட்டர் சிக்னலைப் பாதியாக்கும். விவரம் தெரிந்தவர்கள் ஆளைப் பிடித்து, “மோடத்துக்குத் தனி லைன் இழுத்துக் குடு தம்பி” என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அத்தனை ஆம்ப்ளிஃபயரையும் மாற்றக் கட்டுப்படியாகாத இடங்களில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். சிஃபி போன்ற நிறுவனங்கள் தெரு கேபிள்காரரோடு கூட்டுச் சேர்ந்து, டிவி கேபிளுக்குப் பக்கத்திலேயே ஈதர்நெட் ஒயரையும் மாடி மாடியாக இழுத்தன. ஈதர்நெட் 100 மீட்டருக்கு மேல் தாங்காது. ஆகவே சில வீடு தள்ளி ஒரு ஸ்விட்ச், அது யாராவது ஒருவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில், அவர் வீட்டுக் கரண்டில் ஓடும். “மாமி, மொட்டை மாடி சாவி குடுங்க” என்று கேபிள்காரப் பையன் வந்து நிற்பதும், “நேத்துதானேப்பா ஏறினே?” என்று மாமி கேட்டுக்கொண்டே சாவியை எடுப்பதும் மயிலாப்பூரில் அன்றாடக் காட்சி. 2012-ல் சென்னையிலும் தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு வந்தபோது இந்த ஏற்பாட்டின் பலவீனம் அம்பலமானது. நம் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும், ஸ்விட்ச் இருக்கும் வீட்டில் கரண்ட் போனால் நெட் போய்விடும்.

கேபிள் மோடத்தை மாடல் பார்த்து வாங்கும் பழக்கம் இங்கே வேரூன்றவில்லை. கம்பெனி கொடுத்ததை வைத்துக்கொண்டோம். பேரக் குழந்தையைப் பார்க்க நியூஜெர்சி எடிசனுக்கோ கலிபோர்னியா ஃபிரீமாண்டுக்கோ போகும் பெற்றோர், அங்கே மகனும் மருமகளும் மோடம் வாங்குவதற்கு அலசு அலசென்று அலசுவதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். அங்கே காரணம் இருக்கிறது. கம்பெனி மோடத்துக்கு மாத வாடகை உண்டு. சொந்தமாக வாங்கினால் மிச்சம். சொந்த மோடம் வைத்திருப்பவரிடம் வாடகை வாங்கக் கூடாது என்று 2020-ல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. மாடலும் அங்கே முக்கியம். 2006-ல் வந்த டாக்ஸிஸ் 3.0 பல சேனல்களைக் கட்டாகச் சேர்த்து அனுப்பும். எட்டுச் சேனல் சேர்க்கும் மோடத்தில் 300 எம்பிபிஎஸ் வரை வரும். பழைய மோடம் ஒற்றைச் சேனலோடு நின்றுவிடும். பணம் கட்டும் வேகத்தைப் பெட்டியே தடுக்கிற இடம் அது.

எக்ஸ்சேஞ்ச்

2004 அக்டோபரில் வந்த மத்திய அரசின் கொள்கை, 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்றது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் என்ற டிஎஸ்எல் சேவை வந்தது. மோடத்தை வாடகைக்கும் எடுக்கலாம், சொந்தமாகவும் வாங்கலாம். வெளியே வாங்கியவர்கள், மோடத்தில் போட வேண்டிய விபிஐ 0, விசிஐ 35 என்ற இரண்டு எண்களை மந்திரம்போல மனப்பாடம் செய்தார்கள். 2007 தொடக்கத்தில் வேகம் 2 எம்பிபிஎஸ் வரை ஏறியது.

டிஎஸ்எல்லில் லைன் நமக்கே நமக்கு. பக்கத்து வீட்டோடு பங்கு கிடையாது. அங்கே சந்து குறுகியது தூரத்தால். எக்ஸ்சேஞ்சிலிருந்து தாமிர ஒயர் நீள நீளச் சிக்னல் தேயும்; நாலைந்து கிலோமீட்டர் தாண்டினால் எந்த மோடமும் ஒன்றும் செய்ய முடியாது. காந்தி நகரில் ஒரு தெருவில் ஓடியது அடுத்த தெருவில் திணறியதற்கு அதுவே காரணமாக இருக்கும். பணப்பையில் இன்னொரு குறுகல்: மாதத்துக்கு இத்தனை எம்பி என்ற அளவு. ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை கணக்கில்லை என்ற சலுகைக்காக அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடைத் தட்டிவிட்டுத் தூங்கப்போன ஒரு தலைமுறையே இருக்கிறது.

கண்ணாடி இழை

நகரத்துக்குள் இப்படித் திண்டாடிய அதே காலத்தில் கடலுக்கடியில் வழி அகலமாகவே இருந்தது. 2002-ல் பார்தியும் சிங்டெல்லும் சேர்ந்து போட்ட ஐ2ஐ என்ற 3,200 கிலோமீட்டர் கேபிள் சென்னையைச் சிங்கப்பூரோடு இணைத்தது. அதன் கொள்ளளவு 8.4 டெராபிட். சமுத்திரத்தைத் தாண்டி வந்தது, கரையிலிருந்து மந்தைவெளி வரை வருவதற்குள் மூச்சு வாங்கியது.

2010-களின் நடுவில் ஆக்ட் போன்ற நிறுவனங்கள் கண்ணாடி இழையைத் தெருவுக்கு, பிறகு கட்டடத்துக்கு என்று நெருக்கிக் கொண்டுவந்ததும் அந்தத் திண்டாட்டம் தீர்ந்தது. 2018 பிப்ரவரியில் ஊக்லா வெளியிட்ட கணக்கில், இந்தியப் பெருநகரங்களில் வீட்டு பிராட்பேண்ட் வேகத்தில் முதலிடம் சென்னைக்கு, சராசரி 32.67 எம்பிபிஎஸ். பெங்களூர் நமக்குப் பின்னால். அதே ஆண்டு அக்டோபரில் ஹாத்வேயின் பெரும்பங்கை ரிலையன்ஸ் வாங்கப் போவதாக அறிவித்தது. 2019 செப்டம்பரில் ஜியோஃபைபர் 100 எம்பிபிஎஸ்ஸில் தொடங்கியது. பிராட்பேண்ட் என்பதற்கான அரசின் இலக்கணமோ 2013-ல் 512 கேபிபிஎஸ், 2023-ல் 2 எம்பிபிஎஸ் என்று மெல்லத்தான் நகர்ந்தது.

இன்று வீட்டுக்கு வரும் ஓஎன்டி பெட்டியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. வந்து மாட்டிவிட்டுப் போகிறார்கள். பங்கு போடுவது இங்கேயும் உண்டு: ஜிபான் முறையில் ஓர் இழையின் 2.5 ஜிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் பகிர்கின்றன. வழி அவ்வளவு அகலம் என்பதால் நமக்குத் தெரிவதில்லை. மெட்ரோ ரயிலுக்காக லஸ் பக்கமோ பனகல் பூங்கா பக்கமோ தோண்டும்போது இழை அறுந்து எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால்தான் தெருவில் ஒயர் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது. தேர்வு என்று மிஞ்சியிருப்பது எந்தக் கம்பெனி என்பது. அதுவும் அடுக்குமாடியானால், எந்தக் கம்பெனியை உள்ளே விடுவது என்று அசோசியேஷன் செயலாளர் முடிவு செய்த பிறகுதான்.

வீட்டுக்குள்

இத்தனை தூரம் அகலமாக வந்த வழி இப்போது எங்கே குறுகுகிறது? பெரும்பாலும் நம் வாசற்படியைத் தாண்டிய பிறகு. ஒயர் இழுக்கும் ஆளுக்கு எது சுலபமோ அங்கே, ஜன்னல் ஓரமாக டிவிக்கு மேலே, பெட்டியை மாட்டிவிடுகிறார். ஆன்லைன் மீட்டிங் நடப்பது கடைசிப் படுக்கையறையில். நடுவே இரண்டு சுவர், ஓர் இரும்பு பீரோ. வேகமான 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். சுவரைத் தாண்டும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் அடுக்குமாடியின் இருபது வீட்டு வைஃபையும் முட்டிமோதும். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர் ஒன்றரை அடி கனம். அங்கே இன்னும் மோசம். பழைய ஈதர்நெட் ஒயரில் எட்டு இழைக்குப் பதில் நான்கு மட்டும் முனையில் சேர்த்திருந்தால், 300 எம்பிபிஎஸ் பிளானும் 100-ல் நின்றுவிடும்.

ஆகவே நெட் மெதுவாக இருக்கிறது என்று அடுத்த பிளானுக்குத் தாவுமுன் ஒரு சோதனை செய்யலாம். லேப்டாப்பை ஒயர் போட்டு நேரே பெட்டியில் செருகி வேகத்தைப் பாருங்கள். பிறகு உள்ளறையில் வைஃபையில் பாருங்கள். முதலாவது சரியாக இருந்து இரண்டாவது படுத்திருந்தால் குறை கம்பெனியிடம் இல்லை. எத்தனை எம்பிபிஎஸ் ஏற்றினாலும் அந்தச் சுவரில்தான் நிற்கும். பெட்டியை வீட்டின் நடுவுக்கு நகர்த்தலாம். முடியாவிட்டால் உள்ளறைக்கு ஒரு கேட்-6 ஒயர் இழுத்து இன்னொரு ரவுட்டர் வைக்கலாம். எலெக்ட்ரீஷியன் கூலியையும் சேர்த்தாலும், பெரிய பிளானுக்கு ஒரு வருடம் கூடுதலாகக் கட்டும் பணத்தைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும்.

பில்லருக்குள் ஈரம் போனதற்கும், மொட்டை மாடி ஸ்விட்ச் நின்றதற்கும், எக்ஸ்சேஞ்ச் தூரத்தில் இருந்ததற்கும் வீட்டுக்காரரால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. நெரிசல் நம் வீட்டுக்குள்ளேயே இருப்பது இதுதான் முதல் தடவை. இதைச் சரிசெய்ய யாரிடமும் புகார் எண் வாங்க வேண்டியதில்லை.